ஆய்வகக் கட்டடம் கட்டப் போகிறீர்களா? காற்றிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

துறைக்குப் புது ஆய்வகக் கட்டடம் கிடைத்துவிட்டது. கட்டடக் குழுவில் உங்கள் பெயரையும் போட்டுவிட்டார்கள். வேதியியலோ உயிரியலோ உங்களுக்கு நன்றாகத் தெரியும். கட்டுமானம் பற்றி எதுவும் தெரியாது. ஆர்க்கிடெக்ட் வரைபடத்தை விரித்ததும் எதைக் கேட்பது என்று புரியாமல் தலையாட்டிவிட்டு வருகிற நிலை. அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கடலோர வெப்பத்தையும், இங்கே கட்டட வேலை நடக்கும் முறையையும் மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

'பசுமைக் கட்டடம்' என்று சொன்னவுடன் கூட்டத்தில் எழும் பேச்சு சோலார் பேனல், மாடித் தோட்டம், எல்இடி விளக்கு என்றுதான் போகும். ஆய்வகத்தில் மின்சாரம் கரைவது வேறு இடத்தில். அலுவலகத்தில் ஒருமுறை குளிர்வித்த காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடலாம். கரைப்பான் ஆவி கலந்த காற்றை அப்படிச் சுற்றவிட முடியாது. வெளிக்காற்றை உள்ளே இழுத்து, குளிர்வித்து, ஈரத்தைப் பிழிந்து, அறைக்குள் விட்டு, ஒரே சுற்றில் கூரைக்கு மேலே தள்ளிவிட வேண்டும். அதே பரப்புள்ள அலுவலகத்தைவிட ஆய்வகம் பல மடங்கு மின்சாரம் தின்பது இதனால்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஃபியூம் ஹூட் என்பது ஆபத்தான ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும், முன்பக்கம் கண்ணாடிக் கதவுள்ள பெட்டி. அப்படி ஒன்றின் வாய் 1.5 மீட்டர் அகலம். கண்ணாடிக் கதவு அரை மீட்டர் உயர்ந்திருக்கிறது. வாய்வழியாகக் காற்று நொடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் உள்ளே போகிறது. அப்படியென்றால் அந்த ஒரு ஹூட் மணிக்கு 1350 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளுகிறது. அதற்கு ஈடான வெளிக்காற்றை, சென்னையின் புழுக்கமான மே மாத மதியத்தில், 13 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 6 டன் குளிர்பதனம் வேண்டும். வீட்டில் மாட்டும் ஒன்றரை டன் ஏசி நான்கு, ஒரே ஒரு ஹூட்டுக்கு! பத்து ஹூட் கேட்டு ஒரு வரி எழுதிக் கொடுக்கும்போது எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பது இப்போது தெரிந்திருக்கும். இனி வரும் ஒவ்வொரு படியையும் இந்தக் கணக்கை வைத்தே பாருங்கள்.

முதல் படி: எது வேண்டாம் என்று எழுதுங்கள்

கட்டாத சதுர அடிதான் ஆகச் சிக்கனமானது. பழைய கட்டடத்தைச் சீர்படுத்தினால் போதுமா என்று முதலில் பாருங்கள். அப்புறம், எந்தக் கருவியைப் பொதுவில் வைக்கலாம் என்று பட்டியல் போடுங்கள். சென்னை ஐஐடியில் உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவிகளுக்கென்றே சைஃப் என்ற பொது மையம் பல்லாண்டுகளாக இயங்குகிறது. வெளி நிறுவனத்தாரும் கட்டணம் கட்டி மாதிரிகளைச் சோதிக்கலாம். ஒரே கட்டடத்துக்குள் ஐந்து பேராசிரியர்கள் ஆளுக்கொரு ஆட்டோகிளேவும் (நீராவியால் கிருமி நீக்கும் கலம்) ஆளுக்கொரு உறைகலமும் (ஃப்ரீசர்) வைத்துக்கொள்வதற்கு உண்மையிலேயே காரணம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை, இந்தச் சண்டையைத் தாளில் முடிப்பது மலிவு.

இரண்டாம் படி: அறை அட்டை

ஒவ்வொரு அறைக்கும் ஒரு பக்கம். அங்கே என்ன வேலை நடக்கும், என்ன ரசாயனம் எவ்வளவு இருக்கும், எத்தனை பேர் எத்தனை மணிக்கு இருப்பார்கள், என்ன கருவி, என்ன வாயு, எத்தனை டிகிரி, எவ்வளவு ஈரப்பதம். இதை ஆர்க்கிடெக்ட் நிரப்ப முடியாது. நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

இரண்டு இடத்தில் எல்லாரும் மிகைப்படுத்துவார்கள். ஒன்று, கருவிகளின் மின்சுமை. கருவியின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள வாட்டை அப்படியே கூட்டினால் வரும் தொகை, உண்மையில் ஓடும் சுமையைவிட மிகவும் பெரிதாக இருக்கும். எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடுவதில்லை. இப்போதுள்ள ஆய்வகத்திலேயே ஒரு வாரம் மீட்டர் மாட்டி அளந்து, அந்த எண்ணைக் கொடுங்கள். இல்லாவிட்டால் தேவைக்கு மிஞ்சிய சில்லரும் (கட்டடத்துக்கே குளிர்நீர் தரும் இயந்திரம்) டிரான்ஸ்ஃபார்மரும் வந்து உட்கார்ந்து, ஆயுள் முழுக்கக் குறைந்த சுமையில் திறனில்லாமல் ஓடும். இன்னொன்று, '22 டிகிரி, கூட்டல் கழித்தல் 1' என்ற பழக்கமான வரி. அந்தத் துல்லியம் தேவைப்படும் அறை இரண்டோ மூன்றோதான் இருக்கும். மற்ற அறைகளுக்கு 25, 26 டிகிரி தாராளமாகப் போதும்.

மூன்றாம் படி: அறைகளைப் பிரித்து அடுக்குங்கள்

வெளிக்காற்று அதிகம் வேண்டிய அறைகளை ஒன்றாகச் சேருங்கள். ஹூட் உள்ள வேதியியல் அறைகள் ஒருபுறம், செங்குத்துக் குழாய்ப் பாதையை ஒட்டி, முடிந்தால் மேல் தளத்தில். காற்றுக்குழாய் எவ்வளவு குட்டையோ விசிறிக்கு அவ்வளவு சுமை குறைவு. கணினி வேலை, கருவி அறை, லேசர் அறை மறுபுறம். இவற்றின் காற்றைச் சுற்றவிடலாம். மாணவர்களின் மேசைகளை ஆய்வகத்துக்குள் போடவே போடாதீர்கள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் மின்விசிறியும் ஜன்னலும் உள்ள தனி இடத்தில் போடுங்கள். பாதுகாப்புக்கும் அது நல்லது. விலையுயர்ந்த காற்று தேவைப்படும் பரப்பும் குறையும். நடைபாதையைத் தாழ்வாரம் போலத் திறந்து விட்டாலே போதும், ஏசி எதற்கு?

எலக்ட்ரான் நுண்ணோக்கி போன்ற அதிர்வு தாங்காதவை தரைத்தளத்தில், சில்லரிலிருந்தும் லிஃப்டிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். உறைகலங்களை ஒரே அறையில் வையுங்கள். அவை கக்கும் வெப்பத்தை அந்த அறைக்குள்ளேயே சுற்றும் காற்றால் எடுத்துவிடலாம். ஆய்வகத்தில் வைத்தால் அந்த வெப்பத்தையும் ஒருமுறைக் காற்றுதான் சுமக்க வேண்டும்.

தளத்துக்குத் தளம் உயரம் 4.2 மீட்டருக்குக் குறையாமல் கேளுங்கள். சிக்கனம் என்று 3.3 மீட்டரில் நிறுத்தினால் குழாய்கள் நெருக்கியடித்து, வளைந்து, விசிறி கூடுதல் அழுத்தத்தில் ஓடும். லூயி கான் வடிவமைத்து 1960களில் கலிஃபோர்னியாவில் எழுந்த சால்க் ஆய்வு நிலையத்தில் ஒவ்வொரு ஆய்வகத் தளத்துக்கு மேலும் ஆள் நடமாடக்கூடிய ஒரு முழுத் தளத்தைக் குழாய்களுக்கென்றே விட்டார்கள். நமக்கு அந்த அளவு வசதி வராது. ஆனால் அறுபது வருடமாக ஆய்வு மாறிக்கொண்டே இருந்தும் சுவரை உடைக்காமல் குழாய்களை மாற்றிக்கொள்ள அங்கே முடிகிறது. எனவே நிலையான சுவர்களைக் குறைத்து, 3.3 மீட்டர் அகலத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரே கட்டமாக அறைகளைத் திட்டமிடுங்கள்.

நான்காம் படி: காற்று

இங்கே நேரம் செலவழியுங்கள். மற்ற படிகளில் தவறினால் திருத்திக்கொள்ளலாம். இதில் தவறினால் முப்பது வருடம் கட்டணம் கட்ட வேண்டியதுதான்.

அறைக் காற்றை மணிக்கு எத்தனை முறை மாற்றுவது? பழைய பழக்கம் 10, 12 என்று எழுதிவிடும். எண் அதிகமானால் பாதுகாப்பு அதிகம் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. ஆபத்தான ஆவியைப் பிடிப்பது ஹூட்டின் வேலை. அறைக் காற்று அதற்கு மாற்றாகாது. அறைக்கு அறை ஆபத்தை மதிப்பிட்டு, பகலில் 6, ஆளில்லாத இரவில் 4 என்று இறங்கி, காற்றில் ஆவி கூடினால் உணரி (சென்சார்) கண்டு வேகத்தைத் தானாக ஏற்றுகிற முறை இப்போது பல இடங்களில் இருக்கிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகம் 2008 வாக்கில் இந்த வழியில் இறங்கி, சீர்படுத்திய ஆய்வகங்களின் மின்செலவைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தது. இறுதி எண்ணைப் பாதுகாப்பு அலுவலரும் துறையும் சேர்ந்து எழுத்தில் முடிவு செய்யட்டும். ஏசி ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடாதீர்கள்.

விசிறி விஷயத்தில் இயற்பியல் நம் பக்கம். காற்றோட்டத்தை 20 சதவீதம் குறைத்தால் விசிறிக்கு வேண்டிய திறன், கோட்பாட்டளவில், கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். ஓட்டத்தின் மும்மடிக்கு ஏற்பத் திறன் மாறும் என்பதால் வரும் லாபம் இது.

இப்போது ஹூட். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையில் மேலே சொன்ன ஒரு ஹூட் மட்டுமே அறைக் காற்றை மணிக்கு ஐந்தரை முறைக்கு மேல் மாற்றிவிடும். இரண்டு வைத்தால் 11. ஆக, ஹூட்டின் எண்ணிக்கைதான் கட்டடத்தின் மின்கட்டணத்தை எழுதுகிறது. பாட்டில் அடுக்கி வைக்கவே ஹூட் கேட்பவர்களுக்குக் காற்றோட்டமுள்ள அலமாரி கொடுங்கள். அது இழுக்கும் காற்று மிகக் குறைவு. கருவியின் தலையிலிருந்து மட்டும் ஆவி வருகிறதென்றால் வளைத்துத் திருப்பும் உறிஞ்சுக் குழாய் போதும்.

தேவையான ஹூட்களை விஏவி வகையாகக் கேளுங்கள். கண்ணாடியை இறக்கினால் காற்றோட்டமும் தானாக இறங்கும் வகை அது. பழைய நிலையோட்ட வகையில் கண்ணாடி மூடியிருந்தாலும் காற்று அதே அளவு போய்க்கொண்டே இருக்கும். ஆள் நகர்ந்தால் கண்ணாடி தானே மூடும் ஏற்பாடும் கிடைக்கிறது. முகப்பு வேகம், அதாவது ஹூட்டின் வாய்வழியே காற்று நுழையும் வேகம், நொடிக்கு 0.5 மீட்டர் என்பது வழக்கம். நன்கு வடிவமைத்து, சோதனையில் தேறிய சில ஹூட்கள் 0.3இலேயே வேலை செய்யும். வேகத்தைக் கூட்டினால் இன்னும் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். அளவுக்கு மீறினால் சுழல் உண்டாகி ஆவி ஆளின் முகத்துக்கே திரும்பும். ஹூட்டை வாசலுக்கு எதிரிலோ ஏசி காற்று விழும் இடத்துக்கு அருகிலோ வைத்தாலும் அதே கதிதான்.

வடிகட்டி போட்ட குழாயில்லா ஹூட் மலிவு என்று ஒருவர் கண்டிப்பாக வந்து நிற்பார். ஒரே மாதிரி, தெரிந்த ரசாயனத்தைச் சிறிய அளவில் பயன்படுத்தும் கற்பித்தல் ஆய்வகத்துக்குச் சரி. நாளுக்கொரு வினை நடக்கும் ஆராய்ச்சி ஆய்வகத்தில் நான் அதை வைக்க விடமாட்டேன்.

வெளியேற்றும் குழாய் கூரைக்கு மேல் குறைந்தது 3 மீட்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். மேலே மழைத் தொப்பி போடாதீர்கள். அது புகையைக் கீழே தள்ளும். சென்னையில் பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று, ஜூன் முதல் தென்மேற்கு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு என்று காற்று எல்லாப் பக்கமும் சுற்றும். அதனால் 'காற்று இந்தப் பக்கம்தான் வரும்' என்று நம்பி உள்ளிழுக்கும் வாயை வைக்க முடியாது. இடைவெளியும் உயரமும்தான் துணை.

ஐந்தாம் படி: ஈரம், குளிர்ச்சி, தண்ணீர்

நம் கடலோரத்தில் வெப்பத்தைவிட ஈரம்தான் பெரிய செலவு. காற்றை 13 டிகிரிக்குக் குளிர்வித்தால்தான் ஈரம் சொட்டி விழும். ஆனால் அந்தக் குளிர்ந்த காற்றை அப்படியே விட்டால் அறை விறைக்கும். பல கட்டடங்களில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மின்சாரத்தால் குளிர்வித்த காற்றை மின்சார ஹீட்டரால் மறுபடி சூடாக்குகிறார்கள். வரைபடத்தில் மின்சார மறுசூடேற்றி கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள். குளிர்ச்சுருளைச் சுற்றி வெப்பக் குழாய் வைத்தால் உள்ளே வரும் காற்றின் சூடே அந்த வேலையைச் செய்துவிடும். சில்லர் கழித்துவிடும் வெப்பத்தையும் பயன்படுத்தலாம்.

வெளிக்காற்றை உலர்த்த ஒரு தனி இயந்திரம், கருவிகளின் சூட்டை எடுக்க அறைக்குள்ளேயே குளிர்நீர் விசிறிச் சுருள் என்று இரண்டையும் பிரித்துவிடுங்கள். கருவிச் சூட்டுக்காக வெளிக்காற்றைக் கூட்டும் அவலம் தவிரும். ஈரத்தையும் வெப்பத்தையும் மாற்றிக்கொள்ளும் சுழல் சக்கரத்தை ஹூட் காற்றில் வைக்கக்கூடாது. ஆவி கொஞ்சம் திரும்பி வரும். கழிப்பறை, மேசைப் பகுதிக் காற்றுக்கு வைக்கலாம். இரு குழாய்களுக்கிடையே நீரைச் சுற்றவிடும் சுருள் முறை ஹூட்டுக்குப் பாதுகாப்பானது. ஆனால் அது ஈரத்தைத் தொடாது என்பதால் குளிர் நாடுகளில் தரும் லாபத்தை இங்கே தராது. விற்பனைத் தாளில் உள்ள சதவீதம் எந்த ஊருக்கானது என்று கேட்டுப் பாருங்கள்.

இதே எச்சரிக்கை கான்பூர் ஐஐடியின் சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியல் மையக் கட்டடத்துக்கும் பொருந்தும். இந்தியாவில் கிரிஹா என்ற பசுமைக் கட்டடத் தரச்சான்று முதலில் பெற்ற கட்டடம் அது, ஐந்து நட்சத்திரம். ஆய்வகக் கட்டடம் என்பதால் நமக்கு நேரடிப் பாடம். அங்கே காற்றை மண்ணுக்கடியில் உள்ள சுரங்கக் குழாய் வழியே இழுத்துக் குளிர்விக்கும் ஏற்பாடு உண்டு. வறண்ட கோடையும் கடுங்குளிர்காலமும் உள்ள கங்கைச் சமவெளிக்கு அது பொருந்துகிறது. சென்னையில் மண்ணே வருடம் முழுக்கச் சூடு, ஈரத்தையும் அது எடுக்காது. அந்தக் கட்டடத்தின் கூரை நிழலையும் திசை அமைப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள், சுரங்கத்தை விட்டுவிடுங்கள்.

புழுக்கம் ஒரு வரத்தையும் தருகிறது. அந்த மே மாத மதியத்தில் ஒரே ஒரு ஹூட்டுக்கான வெளிக்காற்றிலிருந்து மணிக்கு 15 லிட்டருக்கு மேல் தண்ணீர் சொட்டும். உப்பில்லாத, வாலைவடி நீருக்குப் பக்கத்தில் நிற்கும் தண்ணீர். பெரும்பாலான கட்டடங்களில் இது சாக்கடைக்குப் போகிறது. சில்லரின் வெப்பத்தை வெளியேற்றும் குளிரூட்டும் கோபுரத்துக்குத் திருப்பிவிட ஒரு குழாயும் சிறு தொட்டியும்தான் செலவு. கோபுரம் டன்னுக்கு மணிக்கு 7 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடிக்கும் என்பதால், நல்ல கோடையில் இது சிறிய உதவியில்லை. 2019இல் சென்னை ஏரிகள் வற்றியபோது லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆய்வகத்துக்குள் தண்ணீரைக் குடிக்கும் மூன்றை வடிவமைப்பிலேயே தடை செய்யலாம். குழாய்நீரை ஓடவிட்டு வெற்றிடம் உண்டாக்கும் ஆஸ்பிரேட்டர், குழாய்நீரை ஒருமுறை ஓடவிட்டுச் சாக்கடையில் விடும் கண்டன்சர், ஒரு லிட்டர் வடிநீருக்குப் பல லிட்டரை வீணாக்கும் பழைய வாலைவடி கலம். முதலாவதற்கு டயாஃப்ரம் பம்பு, இரண்டாவதற்குச் சுற்றிவரும் குளிர்நீர் வளையம், மூன்றாவதற்குக் கட்டடத்துக்கே ஒரு பொதுச் சுத்திகரிப்பு; அதன் கழிவுநீர் கழிப்பறைக்கு.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எப்படியும் கட்டாயம். 1000 சதுர மீட்டர் கூரையில் சென்னை மழைக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கலாம். ஹூட் குழாய்கள் நிற்கும் கூரை என்பதால் அந்த நீரைக் குடிக்க எடுக்காதீர்கள். கோபுரத்துக்கும் தோட்டத்துக்கும் விடுங்கள்.

ஆறாம் படி: கட்டடத்தின் உடல்

இதில் ஆர்க்கிடெக்ட் உங்களைவிட நன்றாகவே செய்வார், அதனால் சுருக்கமாக. நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். 13 டிகிரி அட்சரேகையில் சூரியன் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டிலும் உச்சிக்கு நேரே வரும். இடையிலுள்ள மாதங்களில் வடக்குச் சுவரிலும் வெயில் படும். வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேட் வேண்டும். கூரையில் வெள்ளைக் கூலிங் டைல்ஸ், அதற்கு மேல் சோலார் பேனலின் நிழல். முகப்பு முழுக்கக் கண்ணாடி என்ற ஆசையை யாராவது கொண்டுவந்தால், ஆற்றல் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு ஜன்னல் பரப்பைச் சுவரில் 40 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது என்று காட்டுங்கள்.

சிமெண்டில் சாம்பலோ உலைக்கசடோ கலந்த வகை, சுவருக்கு ஃப்ளை ஆஷ் செங்கல் அல்லது ஏஏசி பிளாக், எம்-சாண்ட். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த எல்சி3 சிமெண்ட் ஆராய்ச்சியில் சென்னை ஐஐடிக்குப் பெரிய பங்கு உண்டு; கிடைத்தால் கேட்டுப் பார்க்கலாம். மரத்தாலும் கட்டுகிறார்கள். இங்கிலாந்தில் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் மரச் சட்ட வேதியியல் ஆய்வகம் 2014 செப்டம்பரில் கட்டி முடியும் முன்பே எரிந்துபோனது. மறுபடி கட்டி 2017இல் திறந்தார்கள்.

ஏழாம் படி: சோலாருக்கு முன்னால் உறைகலத்தைப் பாருங்கள்

1000 சதுர மீட்டர் கூரையில் குழாய்கள், கோபுரம், நடைவழி எல்லாம் போக, பாதி சோலாருக்குக் கிடைத்தால் 50 கிலோவாட் பேனல் வைக்கலாம். நாளுக்குச் சுமார் 200 யூனிட் வரும். கழித்தல் 80 டிகிரி உறைகலம் ஒன்று, வகையையும் வயதையும் பொறுத்து, நாளுக்கு 10 முதல் 20 யூனிட் எடுக்கும். ஆக, பத்துப் பழைய உறைகலங்கள் கூரை முழுவதையும் விழுங்கிவிடும். கழித்தல் 70க்கு மாற்றினாலே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மிச்சமாகிறது. கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் இதை வருடக்கணக்காகச் செய்கிறது. மாதிரிகள் கெட்டுவிடும் என்ற அச்சம் பெரும்பாலானவற்றுக்குத் தேவையில்லை. தேவைப்படுகிற சிலவற்றைத் தனியே வையுங்கள். சோலார் கட்டாயம் போடுங்கள், ஆனால் அதை வைத்துக் கணக்கைத் தொடங்காதீர்கள்.

எட்டாம் படி: கழிவு, அனுமதி

ஆய்வகக் கழுவுதொட்டிகளின் வடிகால் கழிப்பறை வடிகாலோடு எங்கும் சேரக்கூடாது. அமிலம் தாங்கும் பாலிபுரொப்பிலீன் குழாய், கீழே நடுநிலையாக்கும் தொட்டி. கரைப்பான்களைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் சேகரிக்க ஒவ்வொரு தளத்திலும் காற்றோட்டமுள்ள ஒரு சிறு அறை வேண்டும். வரைபடத்தில் எப்போதும் மறந்துபோகும் அறை இதுதான். அபாயக் கழிவுக்கும் உயிரிமருத்துவக் கழிவுக்கும் தனித்தனி 2016 விதிகள் உள்ளன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தீயணைப்புத் துறை, கதிரியக்கம் இருந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் என்று ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். வாயு உருளைகள் கட்டடத்துக்கு வெளியே.

ஒன்பதாம் படி: டெண்டர்

நல்ல வடிவமைப்பு பெரும்பாலும் இங்கேதான் சாகிறது. எஸ்டிமேட் கூடிவிட்டால் முதலில் வெட்டப்படுவது கண்ணுக்குத் தெரியாதவை: விஏவி வால்வு, உணரி, மீட்டர், கட்டுப்பாட்டு மென்பொருள். கிரானைட்டும் முகப்பும் தப்பிவிடும். விஏவி ஹூட்டை வாங்கி, அதற்கான வால்வை வெட்டிவிட்டால் அது வெறும் விலையுயர்ந்த பெட்டி. அதனால் எதை வெட்டக்கூடாது என்ற பட்டியலைத் துணைவேந்தர் கையெழுத்தோடு முன்பே வாங்கி வையுங்கள். குறைந்த விலை கேட்டவருக்கே வேலை தரும் எல்1 முறையில் விலை மட்டுமே பேசும் என்பதால், தொழில்நுட்பப் பகுதியில் செயல்திறனை எண்ணாக எழுதுங்கள்: ஹூட்டின் முகப்பு வேகம், அறையின் அழுத்த வேறுபாடு, சில்லரின் பகுதிச் சுமைத் திறன், ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்.

கிரிஹாவோ ஐஜிபிசியோ (இந்தியப் பசுமைக் கட்டட மன்றம்) தரச்சான்று எடுப்பதானால் இந்தக் கட்டத்துக்கு முன்பே பதிவு செய்யுங்கள். சான்றிதழின் புள்ளிகள் பல வழியில் சேரும். சைக்கிள் நிறுத்தத்தில் சேர்த்துக்கொண்டு ஹூட்டில் விட்டுவிடவும் முடியும். புள்ளியைவிட மீட்டர் காட்டும் யூனிட்டைப் பாருங்கள்.

பத்தாம் படி: ஒப்படைக்கும் முன் சோதனை

ஒப்பந்தக்காரரைச் சாராத ஒருவர் ஒவ்வொரு ஹூட்டையும் ஒவ்வொரு வால்வையும் சோதிக்கட்டும். ரசாயனங்கள் உள்ளே வருவதற்கு முன்னால் புகை விட்டுப் பாருங்கள். கதவிடுக்கில் புகை எந்தப் பக்கம் போகிறது என்பது நிறையச் சொல்லிவிடும். ஹூட் ஆவியைக் கசியவிடுகிறதா என்று பார்க்கும் ஆஷ்ரே 110 என்ற அமெரிக்கத் தரச் சோதனையில் வழக்கமாகப் பயன்படும் சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு, புவி வெப்பமாக்குவதில் கரியமில வாயுவைப் போல 23,000 மடங்குக்கு மேல் வலுவானது என்பது ஒரு வேடிக்கை. கசிவைக் காட்ட வேறு தடவாயு கிடைத்தால் கேளுங்கள்.

தளவாரியாக மின்மீட்டர் பிரித்து, ஹூட்டுகள் இரவில் எவ்வளவு காற்று இழுக்கின்றன என்ற எண்ணை நடைபாதைத் திரையில் காட்டுங்கள். இரவு பத்து மணிக்கும் அது இறங்கவில்லையென்றால் யாரோ கண்ணாடியைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்த அறை என்று திரையே சொல்லும். உணரிகள் பிழையாகக் காட்டத் தொடங்கும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். அதற்கான பணத்தைத் துறையின் ஆண்டு வரவுசெலவில் தனித் தலைப்பாக இப்போதே சேர்த்துவிடுங்கள், திறப்பு விழாவுக்குப் பிறகு கேட்டால் கிடைக்காது.